மண்டியா விவசாயியிடம் என்ன பேசுவது?

மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால், டெல்டாக்காரனான எனக்கு எரிச்சல்தான் வரும். காவிரிக்காக நாம் பேசாத பேச்சா? சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட 1924 ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டுக் கெடு 1974இல் முடிந்தது. அதை ஒட்டிய காலத்தில் தமிழ்நாடு, கர்நாடகம் என இரண்டு மாநிலத்து அமைச்சர்களும் முதலமைச்சர்களும் இருபது முறைக்கு மேல் கூடிப் பேசினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று அணைகள் எழுந்தன. கடைசியில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகுதான் 1990 ஜூன் 2 அன்று நடுவர் மன்றம் அமைந்தது.

பேச்சுவார்த்தையைப் புகழ்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'பேசித் தீர்த்துக்கொள்ளலாமே' என்பது மடையைக் கையில் வைத்திருப்பவனுக்கு இனிக்கும். அவனுக்கு அவசரமில்லை. கடைமடையில் நிற்பவனுக்கோ ஒவ்வொரு சுற்றுப் பேச்சுக்கும் ஒரு குறுவை நெல் சாகுபடி போகும். ஆகவே நீதிமன்றத்துக்குப் போனது சரி. இதில் எனக்கு இன்றுவரை இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் இன்னொரு வகைப் பேச்சும் நடந்தது. நம் ஊரிலேயே பலருக்கு அது தெரியாது. 2002இல் மழை பொய்த்து, இரு பக்கமும் கொந்தளித்துக் கிடந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சென்னையில் தமிழக விவசாயிகளும் கர்நாடக விவசாயிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் அதை ஒருங்கிணைத்தார். 'காவிரிக் குடும்பம்' என்று அதற்குப் பெயர் வந்தது. அவர்கள் கூட்ட அறையோடு நிற்கவில்லை. கர்நாடக விவசாயிகள் இங்கே வந்து டெல்டாவைப் பார்த்தார்கள். நம்மவர்கள் அங்கே போய் அவர்கள் பாசனத்தைப் பார்த்தார்கள். பல ஆண்டுகள் கூடியும், பற்றாக்குறை ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கில் மட்டும் உடன்பாடு எட்டவில்லை. அதனால் அது தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படி எழுத மாட்டேன்.

ஏன் என்று சொல்ல, மைசூரில் ஒரு கல்யாணப் பந்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பக்கத்து இலையில் மண்டியா பக்கத்து விவசாயி ஒருவர். கண்ணம்பாடி (கிருஷ்ணராஜ சாகர்) அணையிலிருந்து பிரியும் விசுவேசுவரய்யா கால்வாயில் பாசனம். கரும்பும் கொஞ்சம் கேழ்வரகும். அவருக்கு அரைகுறைத் தமிழ், எனக்கு அதைவிட மோசமான கன்னடம். ஊரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்குத்தான் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுகிறதே சார், அப்புறம் எங்கள் தண்ணீர் எதற்கு?"

கோபம் வரவேண்டிய கேள்விதான். ஆனால் அவர் குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் சொன்னேன்: குறுவைக்கு ஜூனில் நாற்று விட வேண்டும், அப்போது எங்களுக்கு மழையே கிடையாது. மேட்டூர் ஜூன் 12இல் திறக்காமல் தள்ளிப் போனால், ஐப்பசி மழை கதிர் முற்றிய குறுவையின் தலையில் விழும். சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும். சம்பாவுக்கும் மழை போதாது. தை மாதம் பால் பிடிக்கும் நேரத்தில் வானம் வெளுத்துவிடும். நிலத்தடி நீர் இருக்கிறதே என்றார். வேதாரண்யம் பக்கம் வந்து ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள் என்றேன். சிரித்துவிட்டார்.

பிறகு அவர் முறை. "2018 ஆகஸ்டில் எங்கள் அணைகள் நிரம்பி வழிந்தன. அந்தத் தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குத்தானே போனது? முக்கொம்பில் மதகுகளே உடைந்து போயினவே?" இதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. அந்த வேகத்தில் வரும் வெள்ளத்தைச் சமவெளியில் தேக்கிவைக்க இடமில்லை என்றேன், அது உண்மை. ஏரி குளங்களைத் தூர்வாரியிருக்கலாமே என்றார், அதுவும் உண்மை. கரும்பு பன்னிரண்டு மாதப் பயிர், சித்திரை வெயிலில் ஒரு தண்ணீர் தவறினாலும் எடை இறங்கிவிடும், ஆலைக்காரனிடம் நிற்க முடியாது என்றார். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிருக்கு மாறக் கூடாதா என்று நான் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "நீங்கள் நெல்லை விடுவீர்களா சார்?"

பாயசம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. அவர் நிலைப்பாடு மாறவில்லை, என்னுடையதும் மாறவில்லை. ஆனால் 'கர்நாடகா' என்று யாராவது சொன்னால் என் மனக்கண்ணில் இப்போது சட்டசபை தெரிவதில்லை. ஆலைக்கு முன்னால் கரும்பு வண்டியோடு நிற்கும் ஒரு மனிதர் தெரிகிறார். அவரோடு எனக்கு வழக்கு உண்டு, பகை இல்லை.

பகை வேறு இடத்தில் தயாராகிறது. 2016 செப்டம்பரில் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் வரிசையாக எரிந்ததை எல்லோரும் பார்த்தோம். ஒரு முகநூல் பதிவுக்காக அங்கே ஒரு மாணவரை அடித்து அதைப் படம்பிடித்துப் பரப்பினார்கள். பதிலுக்கு ராமேஸ்வரத்தில் ஒரு கர்நாடக டிரைவரை அடித்து இங்கேயும் படம் எடுத்தார்கள். அடித்தவர்களில் எத்தனை பேருக்குக் குறுவைக்கும், அதை அறுத்த வயலில் நடும் தாளடிக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும்? வரப்பில் கால் வைக்காதவனுக்குத்தான் காவிரிக்காக ரத்தம் அதிகமாகக் கொதிக்கிறது. இரவு விவாதங்களில் கத்துபவர்களுக்கும் இதுவே பொருந்தும். நான்கு பேரை உட்காரவைத்து, ஒருவர் பேச்சை மற்றவர் கேட்கவிடாமல் செய்வதற்கு உரையாடல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

உண்மையான உரையாடலின் பெரிய தொல்லை எதிராளி இல்லை, சொந்தக் கூட்டம். எதிர்த்தரப்போடு பந்தியில் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்புகிறவனை, 'அவனிடம் என்ன வாங்கினாய்?' என்று கேட்க எல்லா ஊரிலும் ஆள் உண்டு. மண்டியாக்காரர் கேட்ட கேள்விகளை என் ஊர் டீக்கடையில் சொன்னபோது, 'நீ யார் பக்கம்?' என்றுதான் கேட்டார்கள். அவர் கடையில் அவரையும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

2018 பிப்ரவரித் தீர்ப்பில் நமக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) உறுதியாகிவிட்டதே, இனி பேச என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல மழை ஆண்டில் ஒன்றும் இல்லைதான். மழை குறைந்த ஆண்டில் பற்றாக்குறையை விகிதப்படி பகிர வேண்டும் என்பது ஏட்டில் இருக்கிறது. எந்த வாரம் எவ்வளவு என்பதில்தான் சண்டை. 2023 செப்டம்பரில் வினாடிக்கு 5,000 கன அடி என்ற உத்தரவுக்கு அங்கே ஒரே வாரத்தில் இரண்டு பந்த் நடந்தன. அங்கே திறந்துவிட்ட தண்ணீரும் இங்கே போதவில்லை. அப்படி ஒரு ஆண்டு மறுபடி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை.

காவிரியின் குறுக்கே கர்நாடகம் கட்ட நினைக்கும் மேக்கேதாட்டு அணையை நான் எதிர்க்கிறேன். 67 டிஎம்சி தேக்கும் அணை நமக்கு மேலே வந்தால், கடைசிச் சாவியும் அவர்கள் கைக்குப் போய்விடும். வழக்கு நடக்கட்டும், நம் வக்கீல்கள் விட்டுக்கொடுக்காமல் வாதாடட்டும். அதே நேரத்தில் விவசாயிகளின் அந்தப் பழைய சந்திப்புகளை மறுபடி தொடங்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. டிசம்பரில், வயலெல்லாம் பச்சையாக இருக்கும்போது அவர்களை இங்கே அழைத்துவராதீர்கள். ஜூன் கடைசியில், வாய்க்காலில் ஆடு மேயும்போது அழையுங்கள். நாமும் சித்திரையில் அங்கே போவோம். முதல் நாள் டிஎம்சி கணக்கை யாரும் எடுக்கக் கூடாது. இரண்டாம் நாள் எடுக்கலாம். மேக்கேதாட்டு கூடாது என்பதை அன்றைக்கு அந்த மண்டியாக்காரர் முகத்துக்கு நேரே நானே சொல்வேன்.