கண்ணாடி மட்டும்தான் வழியா?

கண்புரை அறுவைக்குப் பிறகு பவர் மிஞ்சினால் கண்ணாடிதான் ஒரே வழி என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது முழுக்கச் சரியில்லை.

என் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்த பிறகு பிளஸ் 3 நின்றுவிட்டது. இடது கண்ணில் பவரே இல்லை. கண்ணாடி போட்டால் இரண்டு கண்ணிலும் உருவம் வேறு வேறு அளவில் தெரிந்து தலைசுற்றல்; மாடிப்படி இறங்கவே பயந்தார். அறுவையில் வைத்த செயற்கை லென்ஸை மாற்றிவிடலாம் என்றால், அது கண்ணுக்குள் தன்னைத் தாங்கியிருக்கும் மெல்லிய பையோடு நன்றாக ஒட்டிவிட்டது, பிரித்தெடுக்கும்போது பை கிழியலாம் என்றார் டாக்டர்.

அப்புறம்தான் இரண்டாவது லென்ஸ் பேச்சே வந்தது. பழையதைத் தொடாமல், அதற்கு முன்னால், கருவிழித் திரைக்கு (கண்ணின் நிறமுள்ள வளையம்) பின்னால் இன்னொரு மெல்லிய லென்ஸ். ஆங்கிலத்தில் 'பிக்கிபேக்' என்பார்கள், உப்புமூட்டைதான்! மிஞ்சிய பவரை மட்டும் சரிசெய்தால் போதும் என்பதால் கணக்கும் எளிது. ஆனால் இதற்கென்றே செய்த, ஓரம் வழவழப்பான லென்ஸாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் திரையில் உரசி அழற்சியும் கண் அழுத்தமும் வரலாம். உள்ளே இடம் போதுமா என்றும் அளந்து பார்த்தார்கள்.

முன்பு லாசிக் (கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் சிகிச்சை) செய்துகொண்டவர்கள் புரை அறுவைக்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். லென்ஸ் பவர் கணக்கு தவறுவது அவர்களுக்குத்தான் அதிகம்.