ஈரான் என்றால் குட்டைப்பாவாடை மட்டும்தானா?

நேற்று முழுக்கச் சமூக வலைத்தளங்களில் சுற்றிய அந்த 'அன்று–இன்று' படத்தைத்தான் சொல்கிறேன். இடப்பக்கம் 1979 புரட்சிக்கு முன் ஆண்ட மன்னர் ஷா காலத்துக் குட்டைப்பாவாடை, வலப்பக்கம் இன்றைய கறுப்புச் சாதர், அதாவது தலை முதல் கால் வரை போர்த்தும் துணி. முடிந்தது ஈரானியப் பெண்களின் வரலாறு!

துணியை விடுங்கள், சட்டத்தைப் பாருங்கள். மனைவி பாஸ்போர்ட் எடுக்கக் கணவன் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். புரட்சிக்குப் பின் ஆட்சிக்கு வந்த முல்லாக்கள், அதாவது மதகுருக்கள், போட்ட சட்டமா? இல்லை, 1973இல் ஷா ஆட்சியில் வந்தது. 2015இல் பெண்கள் ஃபுட்சால் (உள்ளரங்கக் கால்பந்து) அணித் தலைவி நிலூஃபர் அர்தலான் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டிக்குப் போக முடியாமல் போனது இதனால்தான். மகன் பள்ளிக்கூடம் சேரும் நாளில் தாய் வீட்டில் இருக்க வேண்டுமாம், கணவர் சம்மதிக்கவில்லை. நாட்டின் கேப்டன், ஐயா!

"அப்போ ஷாவும் முல்லாவும் ஒன்றா?" என்று வரிந்துகட்டி வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 1967 குடும்பப் பாதுகாப்புச் சட்டம் விவாகரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. புரட்சி அதைத் தூக்கியெறிந்தது. நீதிபதி ஷிரின் எபாதி, பெண் என்பதாலேயே, குமாஸ்தாவாக இறக்கப்பட்டார். ஆனால் 1976 கணக்கெடுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தப் படத்தில் அவர்கள் எங்கே? இதைக் கேட்டால் எனக்கு 'முல்லா ஆதரவு' பட்டம். நல்லது, வைத்துக்கொள்கிறேன்.

துணியை விடுங்கள் என்றேனே, இன்றைய ஈரானியத் திருமண ஒப்பந்தத்தைப் பிரித்துப் பாருங்கள். அதில் அச்சிட்ட நிபந்தனைகள் உண்டு. மணமகன் கையெழுத்திடாத நிபந்தனை செல்லாது. அடி உதை, போதை, சிறை, இரண்டாம் திருமணம் என 12 காரணங்களில் மனைவி விவாகரத்து கேட்கலாம், ஆனால் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணம், காரணம் காட்டாத விவாகரத்து இரண்டுக்கும் நோட்டரி அலுவலகத்தில் தனியாகப் பவர் பத்திரம் வாங்க வேண்டும், அதுவும் கணவன் பிறகு ரத்து செய்ய முடியாதபடி. கல்யாண அவசரத்தில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளினால் அந்த அப்புறம் வருவதே இல்லை. விவரம் தெரிந்த பெண்கள் மஹராக, அதாவது கணவன் மனைவிக்குத் தர ஒப்புக்கொள்ளும் திருமணக் கொடையாக, வரும் தங்க நாணயங்களைக் குறைத்துக்கொண்டு இந்தக் கையெழுத்துகளைக் கேட்டு வாங்குகிறார்கள். மாற்றம் நடப்பது இங்கேயும்தான். என்ன, புகைப்படத்தில் விழாது.

2022இல் ஹிஜாப் விதிக்காகப் பிடிக்கப்பட்ட மாசா அமினி காவலில் இறந்தபோது, பெண்கள் எதிர்ப்பாக முடி வெட்டும் வீடியோக்களை மாய்ந்து மாய்ந்து பகிர்ந்தீர்கள், சரி. அதே நாட்டில் 13 வயதுச் சிறுமிக்குக் கல்யாணம் சட்டப்படி செல்லும். அப்பாவும் நீதிமன்றமும் ஒப்பினால் அதற்குக் கீழேயும். அதற்கு ஒரு பதிவு? ஒரு லைக்?