டொனால்ட்சனை இன்னும் எத்தனை நாள் வாசலிலேயே நிறுத்தி வைப்பார்கள்?

பேஸ்பால் என்றால் நம்மில் பலருக்கு பேப் ரூத் பெயரோடு கதை முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது, பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ஹால் ஆஃப் ஃபேம் இன்னும் உள்ளே விடாத ஜான் டொனால்ட்சனைப் பற்றி. மிசௌரி மாநிலத்தின் கிளாஸ்கோ என்ற சிற்றூரில் பிறந்த கறுப்பர், இடது கை பிட்சர், அதாவது பந்து எறிபவர். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் கறுப்பர்களை அண்டவே விடாத காலம் அது. மனிதர் ஊர் ஊராகப் போய்க் காசுக்கு ஆடினார். 1924-ல் மின்னசோட்டாவில் பெர்த்தா என்ற குட்டி ஊரின் டீம் அவரைச் சம்பளம் பேசிக் கூட்டிக்கொண்டது.

இடது கைக்காரருக்கு இந்த ஆட்டத்தில் தனி மவுசு. எறியத் தயாராகும்போதே, பந்தை அடித்தவர் முதலில் ஓடிச் சேரும் இடமான முதல் பேஸ் அவர் முகத்துக்கு நேரே இருக்கும். அங்கே நிற்கும் ரன்னர் நைசாக அடுத்த பேஸுக்கு நழுவ முடியாது. டொனால்ட்சனுக்கோ அதற்கெல்லாம் அவசியமே இல்லை, பேட்ஸ்மேன் பேஸுக்குப் போனால்தானே!

டொனால்ட்சனின் கதையைத் தேடி எடுக்கும் ஆய்வாளர் பீட்டர் கார்ட்டனும் நண்பர்களும் பழைய ஊர்ப் பத்திரிகைகளைத் தோண்டி எடுத்த கணக்குப்படி 400-க்கு மேல் வெற்றி, 5,000-க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் (பிட்சரே பேட்ஸ்மேனை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது). மேஜர் லீகில் 5,000-ஐத் தாண்டியவர் நோலன் ரயன் ஒருவர்தான். "எதிரில் ஆடினவன் எல்லாம் விவசாயி வீட்டுப் பையன்" என்பார்கள். சரி, ரயன் கணக்கையும் இவர் கணக்கையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம், எனக்கும் சம்மதம்தான். ஆனால் அந்தப் பையன்களோடு மட்டும் ஆடு என்று இவரை ஒதுக்கியது யார்?

2020-ல், கறுப்பர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீகுகளுக்கு மேஜர் லீக் அந்தஸ்து கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் 1920 முதல் 1948 வரை என்று கோடு போட்டுவிட்டார்கள். டொனால்ட்சன் கொடிகட்டிப் பறந்தது அதற்கு முன்னால். பெர்த்தாவில் வீசியதோ எந்த லீகிலும் சேராத ஆட்டம். பெரும்பகுதி கோட்டுக்கு வெளியே போயிற்று.

ஹால் ஆஃப் ஃபேம் கதை இன்னும் மோசம். 2021-ல் 16 பேர் ஓட்டுப் போட்டார்கள், 12 வேண்டும், இவருக்குக் கிடைத்தது 8. அதே ஓட்டெடுப்பில் பட் ஃபவுலர் என்ற இன்னொரு கறுப்பின ஆட்டக்காரர் உள்ளே போனார். அவரும் நீக்ரோ லீக் பிறப்பதற்கு முன்பே ஊர் ஊராக ஆடியவர்தான்! அவருக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா? 2024-ல் மறுபடி பட்டியலில் வந்தார், 5 ஓட்டுகூடத் தேறவில்லை. மூன்று வருடத்தில் ஆட்டமா மாறிவிட்டது, ஓட்டுப் போட்ட ஆட்கள்தான் மாறினார்கள்.

இத்தனைக்கும், 1949-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் இவரை ஸ்கவுட்டாக வேலைக்கு வைத்தது. நல்ல ஆட்டக்காரனைக் கண்டுபிடித்துக் கொடுக்க மட்டும் ஆள் தகுதியானவர், பாருங்கள்.

1925-ல் அவர் பந்து வீசியதை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள், ஒரு நிமிடம்கூட ஓடாது. யூடியூபில் இருக்கிறது. பார்த்துவிட்டு, அந்த 16 பேரில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள்.