வெட்டு இல்லாத தாயம் யாருக்கு வேணும்?

மே லீவு விட்டதும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அக்கா பிள்ளைகள் மூணு பேரும் முத்தியால்பேட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எதிர்வீட்டுப் பையனையும் சேர்த்தால் நாலு பேர். இந்த வருஷம் அவர்களை வைத்து டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தினேன், முழுக்கத் தமிழில். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்துகிற ஆட்டம் அது; கதையை நடத்துகிறவள் நான். கதை நடக்கிற இடம் அரிக்கமேடு. 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டிய, புதுச்சேரி பக்கத்து அதே மேடுதான். அவர் கண்ணில் படாத ஒரு சுரங்கம் அங்கே இருக்கிறது என்று வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் சுரங்கத்துக்குள் போகவே முடியவில்லை. இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஆடுகிறவர்களுக்கான விதிப் புத்தகம் மட்டுமே 300 பக்கத்துக்கு மேல். அவரவர் பாத்திரத்தின் திறமைகளை எண்ணாக எழுதிவைக்கிற கேரக்டர் ஷீட் நிரப்புவதிலேயே பொழுது போய்விட்டது. வலிமை 14 என்றால் பகடையில் விழுந்த எண்ணோடு கூட்டிக்கொள்ள வேண்டியது 2. வலிமை 15 என்றாலும் அதே 2. "அப்ப அந்த 15 எதுக்கு சித்தி?" என்றாள் சின்னவள். நியாயமான கேள்வி. பகடை உருட்டும்போதெல்லாம் நமக்கு வேண்டியது அந்த 2தான். 15ஐ ரப்பரால் அழிக்கச் சொன்னேன். சுமை கணக்குக்கு வலிமையை 15ஆல் பெருக்கிப் பவுண்டில் பார்க்க வேண்டும். அதையும் எடுத்துவிட்டு, பைக்குள் பத்து சாமான், அவ்வளவுதான் என்றேன். ஆட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

இப்படிக் கழித்துக்கொண்டேதான் இந்த ஆட்டமும் வளர்ந்திருக்கிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்தபோது கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். புதிதாக வருகிறவர் தலை சுற்றிப் போவார். 2000இல் மூன்றாம் பதிப்பு அதைத் திருப்பிப் போட்டது. இருபது முகப் பகடையை உருட்டு, கூட்டு, இலக்கைத் தொட்டால் ஜெயம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இன்னொரு அழகான விஷயம்: நிலைமை உனக்குச் சாதகமா, ரெண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள். 11ஓ அதற்கு மேலோ தேவைப்படும் இடத்தில் 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிவிடும். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

அந்தத் தெம்பில்தான் தப்பு செய்தேன். முதல் நிலை மந்திரவாதி மேஜிக் மிசைல் (மந்திர அம்பு) மாதிரி ஸ்பெல், அதாவது மந்திரம், ரெண்டுதான் போடலாம், அப்புறம் ஓய்வு எடுத்தாக வேண்டும் என்கிற விதியையும் தூக்கிவிட்டேன். மந்திரவாதி நம்ம சின்னவள். முறை வரும்போதெல்லாம் மேஜிக் மிசைல். அது குறி தவறவே தவறாது. வாள்வீரனாக இருந்த எதிர்வீட்டுப் பையனுக்கு வேலையே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தான், போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று ராத்திரி எனக்குத் தாயம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் ஆயா எந்தப் புத்தகமும் வைத்துச் சொல்லித்தரவில்லை, ஆடஆடச் சொன்னார். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எதிரி காயை ஒன்றாவது வெட்டினால்தான் உள்ளே போக முடியும். சின்னப் பிள்ளைகள் ஆடுகிறோம் என்று வெட்டை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. வெட்டு போய்விட்டால் அது வெறும் எண்ணிக்கைதானே?

"கதைதானே, விதி எதுக்கு, நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. நான் மட்டுமே முடிவு செய்த நேரங்களில் பிள்ளைகள் சுரங்கத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்கள். சித்தி மனசு இளகுமா என்று தேடினார்கள்.

மறுநாள் சின்னவள் கையில் ரெண்டு புளியங்கொட்டை கொடுத்தேன். ஒரு ஸ்பெல் போட்டால் ஒன்றைக் கிண்ணத்தில் போட வேண்டும். எழுதவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். முதல் கொட்டை வௌவால் கூட்டத்துக்கே போய்விட்டது. தண்ணீர் தேங்கிய அறையில் அவள் அண்ணன் காலை ஒரு முதலை கவ்வி இழுக்கிறது. தாண்டினால் பூட்டிய கதவு, அதற்கு அப்பால் என்ன என்று யாருக்கும் தெரியாது. மிச்சம் ஒரு கொட்டை. உள்ளங்கையில் வைத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "போடாத, நான் வெட்டிப் பாக்குறேன்" என்று வாளோடு பாய்ந்தது எதிர்வீட்டுப் பையன். உருட்டினான், 17. அவன் போன் எங்கே கிடந்தது என்று அன்று யாருக்கும் தெரியாது.

கடலூர் பஸ் ஏறும்போது சின்னவள் கேட்டாள், "ரெண்டாவது நிலைக்குப் போனா மூணு கொட்டையா சித்தி?" ஆமாம், புத்தகத்திலும் மூணுதான்.