மனதைப் படிக்கும் குழந்தைக்கு எதற்கு ராணுவம்?

அறிவியல் புனைகதையில் மூன்று பாகத் தொடர் என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். அதிலும் அடுத்தவர் மனதைப் படிக்கிற, நினைத்த மாத்திரத்தில் ஆளையே காலி பண்ணிவிடக்கூடிய குழந்தையைப் பற்றியது என்றால் சந்தேகம் இரட்டிப்பு. முதல் பாகம் அட்டகாசமாக இருக்கும். இரண்டாவதில் ஒரு ரகசிய அமைப்பு துரத்தும். மூன்றாவதில் குழந்தை வாலிப வயதுக்கு வந்து உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிடும், நடுவில் ராணுவம் வேறு.

பாகத்துக்குப் பாகம் சக்தியை ஏற்றிக்கொண்டே போனால் பயமும் ஏறும் என்று நினைக்கிறார்கள். எனக்கென்னவோ பயமே அந்தக் குழந்தையின் வயதில்தான் இருக்கிறது. உளவியலில் 1980களில் வந்த ஒரு பிரபலமான சோதனை உண்டு. ஒரு பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகும், அது போனதும் இன்னொரு பொம்மை கோலியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடும், திரும்பி வரும் முதல் பொம்மை கோலியை எங்கே தேடும் என்று குழந்தையிடம் கேட்பார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் ‘பெட்டியில்’ என்பார்கள். தனக்குத் தெரிந்தது அந்தப் பொம்மைக்குத் தெரியாது என்பது பிடிபடவே நாலைந்து வயது ஆகிவிடுகிறது.

இப்போது அந்த மூன்று வயதுக் குழந்தைக்கு எல்லோர் மனதும் அப்படியே கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் ஒருவர் ‘இவன் தொலைந்தால் தேவலை’ என்று யாரையோ மனதுக்குள் திட்டுகிறார். அது யாருடைய கோபம் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? தன் ஆசை என்றுதானே நினைக்கும், நிறைவேற்றியும் விடும். இதற்கு வில்லனே வேண்டாம்.

ஜெரோம் பிக்ஸ்பி 1953இல் எழுதிய ‘இட்ஸ் எ குட் லைஃப்’ சிறுகதையில் வரும், இதே சக்திகள் உள்ள ஆந்தனிக்கு மூன்றே வயது என்பது அதனால்தான் அவ்வளவு சரியாக உட்காருகிறது. அவனுக்கு எதுவும் புரிந்துவிடக் கூடாதென்று ஊர்க்காரர்கள் தங்கள் நினைப்பையே குழப்பி முணுமுணுத்துக்கொண்டு திரிவார்கள். அவனுக்குப் பிடிக்காததை நினைத்தால் ஆபத்து, சரி, ஆனால் அவன் உதவி செய்யக் கிளம்பினாலும் ஆபத்துதான்! ஜான் விண்டமின் ‘தி கிரைசலிட்ஸ்’ (1955) நாவல் இன்னொரு வகை. அதில் சிறுமி பெட்ராவுக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. பயந்துபோய் அவள் மனதால் போடுகிற கூச்சல், அந்தச் சக்தி இருக்கிற மற்றவர்களை எங்கிருந்தாலும் இழுத்து வந்துவிடும், அதை மறைத்து வாழ்கிற அவர்கள் மேல் ஊருக்குச் சந்தேகம் வருவதே அதனால்தான். ஒரு குழந்தை அலறியதற்கு இவ்வளவு விளைவு.

குழந்தை வளரத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். வளரட்டும், மூன்று பாகத்துக்கும் விஷயம் அதிலேயே இருக்கிறதே! பொய் சொல்லி ஏமாற்றவே முடியாத பிள்ளையை ஒரு அம்மா எப்படி வளர்ப்பாள்? களைத்துப்போன ஒரு நிமிடத்தில் ‘ஏன்தான் பெற்றேனோ’ என்று அவளுக்குத் தோன்றினால் (எந்த அம்மாவுக்குத்தான் தோன்றாது) அதுவும் பிள்ளைக்குக் கேட்டுவிடும் இல்லையா? அப்புறம் ஏழெட்டு வயதில், தனக்கு மட்டும்தான் இப்படிக் கேட்கிறது, தன்னை யாருக்குமே கேட்கவில்லை என்று ஒரு நாள் தெரியவரும். அந்தத் தனிமைக்கு ஒரு பாகம் முழுக்கக் கொடுக்கலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு ஹெலிகாப்டரைப் பறக்கவிடுகிறார்கள்.

ஹெலிகாப்டர் இல்லாத தொடர் ஏதாவது படித்திருந்தால் சொல்லுங்கள், தேடிப்பிடித்து வாசிக்கிறேன்.