ஒன்பது பவுண்டு

(நியூ ஜெர்சி, எடிசன் நகரம். ஏப்ரலில் வந்த மாமாவும் அத்தையும் இன்றிரவு திருச்சிக்குக் கிளம்புகிறார்கள். தீபாவளிக்குத் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அத்தையின் பிடிவாதம். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது என்பது குடிவரவு அதிகாரி கொடுத்த தேதியின் பிடிவாதம். கூடத்தில் நான்கு பெட்டிகள், குளியலறையிலிருந்து எடுத்து வந்த தராசு. மருமகனாகிய நான் மாடியில் அலுவலக வேலை பார்ப்பதாகப் பெயர். காது கீழேதான் இருந்தது.)

மாமா: பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். குனிந்து எண்ணைப் படி. சீக்கிரம், இடுப்பு போகிறது.

அத்தை: 207.

மாமா: என் எடை 148. கழித்தால் 59. ஒரு பெட்டிக்கு 50 பவுண்டுதான். ஒன்பது பவுண்டு அதிகம்.

அத்தை: இருக்காது. ஒவ்வொரு பெட்டியையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் மூடினேன்.

மாமா: திருச்சி சந்திப்பில் பார்சல் அலுவலகத்தில் 34 வருடம் எடை போட்டவனிடம் வந்து கையில் தூக்கிப் பார்த்தேன் என்கிறாயே! திற பெட்டியை. இது என்ன?

அத்தை: வார்ப்பிரும்புத் தோசைக்கல்.

மாமா: இங்கே வரும்போது மகளுக்கு ஒரு தோசைக்கல் சுமந்து வந்தோம். இப்போது இங்கிருந்து ஒன்றா?

அத்தை: பக்கத்துத் தெருவில் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றார்களே, அங்கே வாங்கினேன். இரண்டு டாலர். தோசை பூப்போல எழும்புகிறது.

மாமா: கமலா, நம் ஊரிலிருந்து மூன்று மணி நேரத்தில் சேலம். அங்கே ஓர் இரும்பாலையே இருக்கிறது.

அத்தை: அங்கே எவர்சில்வர் தகடுதான் செய்கிறார்கள். அதில் தோசை ஊற்றினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

மாமா: அப்படியானால் கைப்பையில் வைத்துக்கொள்.

அத்தை: வார்ப்பிரும்புப் பாத்திரத்தை விமானத்துக்குள் கையில் கொண்டுபோக விடமாட்டார்களாம். மகள் பார்த்துச் சொன்னாள். யாரையாவது மண்டையில் அடித்துவிடலாம் என்று பயம்.

மாமா: உன்னைப் பார்த்துத்தான் அந்த விதியை எழுதியிருப்பார்கள். எடுத்து வெளியே வை. அடுத்த பெட்டி... இது என்ன தயிர் டப்பா? ஒன்று, இரண்டு, மூன்று... முப்பத்திரண்டு!

அத்தை: ஆறு மாதம் தின்ற தயிர். மூடியோடு சும்மா கிடைத்த டப்பாவைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. ஒன்றுக்குள் ஒன்று போய்விடும், கனமே இல்லை.

மாமா: இந்தப் பாதாம்?

அத்தை: எதிர் வீட்டுக்கு. அந்த வைட்டமின் மாத்திரை மாடி வீட்டு அம்மாளுக்கு. மூட்டுவலித் தைலம் உங்கள் அக்காவுக்கு. அதை எடுத்தால் அவருக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

மாமா: அக்கா தைலம் இருக்கட்டும். மற்றதெல்லாம் வெளியே.

அத்தை: இருங்கள். டிக்கெட்டில் 23 கிலோ என்று போட்டிருக்கிறது. அது எத்தனை பவுண்டு?

மாமா: ஐம்பது... புள்ளி ஏழு.

அத்தை: அந்தப் புள்ளி ஏழு எங்கே போயிற்று?

மாமா: கிட்டத்தட்ட முந்நூறு கிராம்தான்.

அத்தை: அது ஒரு பாதாம் பாக்கெட். உள்ளே வையுங்கள்.

(கணக்கு அத்தைக்கு வராது என்று மாமா எங்கள் திருமணம் தொட்டுச் சொல்லி வருகிறார். நான் நம்புவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.)

மாமா: ரயில்வேயில் ஸ்லீப்பர் பயணிக்கே 40 கிலோ இலவசம். அதற்கு மேல் ஒழுங்காகப் பதிவு செய்தால் ஒன்றரை மடங்கு கட்டணம். பதிவு செய்யாமல் மாட்டினால் ஆறு மடங்கு. நான் யாரையும் விட்டதில்லை.

அத்தை: தெரியாதா? கும்பகோணத்திலிருந்து சீர் வரிசை கொண்டு வந்த என் அப்பாவையே விடவில்லை. அண்டாவும் குத்துவிளக்கும் தராசில் ஏறின. மாமனாருக்கு ரசீது எழுதிக் கொடுத்த மாப்பிள்ளை இந்த உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

மாமா: ரசீதாவது கொடுத்தேனே.

(இரண்டு மணி நேரம் ஓடியது. நான்கு பெட்டிகளிலும் ஒன்பது ஒன்பது பவுண்டாக வெளியே வந்து கூடம் சந்தைக்கடை ஆயிற்று. மாமா பயண உடை மாற்ற அறைக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை.)

அத்தை: என்ன உள்ளேயே இருக்கிறீர்கள்?

மாமா: இந்தக் கால்சட்டையை இங்கே துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டாயா? சுருங்கிவிட்டது. பொத்தான் எட்டவில்லை.

அத்தை: மார்ச்சில் திருச்சியில் தைத்தது. இங்கே வந்து பெட்டியை விட்டே எடுக்கவில்லை. எப்படிச் சுருங்கும்? ... உங்கள் எடை 148 என்று யார் சொன்னது?

மாமா: இதே தராசுதான். வந்த அன்றைக்கு ஏறிப் பார்த்தேன்.

அத்தை: ஏப்ரலில்.

மாமா: ஏப்ரலில்.

அத்தை: இப்போது ஏறுங்கள். பெட்டி இல்லாமல்.

மாமா: எதற்கு, நேரமாகிறது...

அத்தை: ஏறுங்கள். 157!

(மாடியில் நான் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.)

அத்தை: ஒன்பது பவுண்டு பெட்டியில் இல்லை, ஐயா. தினமும் நம்மூர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ சாலைக்கு நடைப்பயிற்சி போனீர்களே, அங்கே கால் மட்டும்தான் நடந்ததா?

மாமா: எடிசனின் ஆய்வுக்கூடம் இருந்த இடத்தில் கோபுரம் கட்டியிருக்கிறார்கள், 1879இல் பல்பு எரிந்த இடம், அதைப் பார்க்கப் போனேன்.

அத்தை: பல்பு பார்த்தால் தொப்பை வராது. ஜிலேபி பார்த்தால் வரும்.

மாமா: சமோசாதான் அதிகம்.

அத்தை: என் கை சொன்னது 50. உங்கள் தராசு சொன்னது 59. 34 வருடத்தில் எத்தனை பேரிடம் இப்படி வசூல் செய்தீர்களோ!

மாமா: அந்தத் தராசில் நான் ஏறியதில்லை, கமலா. மூட்டைகள் மட்டும்தான் ஏறின.

அத்தை: என் தோசைக்கல்லைக் கொடுங்கள்.

(அரை மணி நேரத்தில் எல்லாம் பழைய இடத்துக்குப் போயின, தயிர் டப்பாக்களும்தான். அத்தையே கயிறு போட்டு இறுக்கினார். முடிச்சு ஒவ்வொன்றும் அண்டாவைக் கட்டிய முடிச்சு. நான் காரை வாசலுக்குக் கொண்டு வந்தேன்.)

மாமா: கமலா... இந்தப் பொத்தான்.

அத்தை: வேட்டி கட்டிக்கொண்டு வாருங்கள்.

மாமா: வேட்டி எங்கே?

அத்தை: நான்காவது பெட்டியில். அடியில், தோசைக்கல்லைச் சுற்றி வைத்திருக்கிறேன். அவிழ்க்கட்டுமா? அவிழ்த்தால் மறுபடி எடை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

மாமா: வேண்டாம். ஓர் ஊக்கைக் கொடு.