எரிந்த பரப்பு வேறு, உழைப்பிழப்பு வேறு

தம்பி, "உள்ளங்கை எரிந்தது உடலில் 1 வீதம்தான், ஆகவே உழைப்பிழப்பும் (உழைக்கும் சக்தி குறைவதும்) 1 வீதம்தான்" என்று நீங்கள் எழுதியது பிழை. அந்த வீதம் உடலின் முழுத் தோலில் எரிந்த பரப்பு. விரல்களோடு சேர்த்து ஒரு உள்ளங்கை ஏறத்தாழ 1 வீதம், அவ்வளவுதான். தழும்பு இறுகி அந்த விரல்கள் மடங்கிப்போனால் மருதமுனையில் தறி நெய்கிறவர் என்ன செய்வார்? கல்லடியில் வலை இழுக்கிறவர்?

இலங்கையின் 1934ஆம் ஆண்டு வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, உழைக்கும் சக்தி நிரந்தரமாக எவ்வளவு குறைந்தது என்றுதான் பார்க்கிறது. தனியார் காப்புறுதி என்றால் பத்திரத்தின் நிபந்தனையை வாசியுங்கள்.

இன்னொன்று, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டிய இடம் சரியாக வியர்க்காது. அம்பாறை வயல் வெயிலில் அது சின்ன விஷயமில்லை. தழும்பு முதிர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் இறுதி மதிப்பீட்டில் கையொப்பம் வைக்க வேண்டாம்.